ஐம்பது சதவீத வேலை

தாமரைச்செல்வி நியூ ஜெர்சிக்கு வந்து நாலரை வருடம் ஆன பிறகுதான் சுவிட்சர்லாந்து அவள் வாழ்க்கைக்குள் நுழைந்தது. அதுவும் அவள் தேடிப்போய் அல்ல. 1997 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மகள் ஓவியாவை ப்ரீ-ஸ்கூலில் விட்டுவிட்டு, பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து மண் அறிவியல் இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கங்களில் வேலை விளம்பரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று ஜூரிச்சிலிருந்து வந்தது. துப்பாக்கி சுடும் மைதானங்களின் மண்ணுக்குள் ஈயம் எப்படி இறங்குகிறது என்று ஆராய ஒரு முனைவர் பட்ட மாணவர் தேவை. சம்பளம் உண்டு.

அந்த நாலு வரியை அவள் நாலு தடவை படித்தாள். மாணவர் தேவை என்று எந்த ஊரிலாவது விளம்பரம் போடுவார்களா? மாணவர்கள் அல்லவா இடம் கேட்டு அலைவார்கள்? இது படிப்பா, வேலையா? அமைதிக்குப் பேர்போன நாட்டில் மண்ணே கெட்டுப்போகும் அளவுக்கு யார் யாரைச் சுடுகிறார்கள்? ஒன்றும் பிடிபடவில்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் ஊர் கரூருக்குப் பக்கம், நொய்யல் ஓடுகிற பகுதி. கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. படித்தபோது சாயக்கழிவு இறங்கிய வயல்களின் மண்ணை எடுத்து ஆராய்ந்தாள். வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். பிஎச்.டி.க்கு மனுப் போட்டிருந்த சமயத்தில் தாராபுரத்து சேனாபதியின் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. "அங்க போயி எவ்வளவு வேணா படிக்கலாம்மா" என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். சேனாபதியும்தான் நம்பினான். அவன் ஏமாற்றுக்காரன் இல்லை.

வந்து பார்த்தால் அவள் கையில் இருந்தது, வேலைக்கு வந்தவரின் மனைவிக்குத் தருகிற ஹெச்-ஃபோர் விசா. சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. படிக்கலாம். இரண்டு வருடம் தொடர்ந்து விண்ணப்பித்தாள். ஓரிடத்தில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. இன்னோர் இடத்தில் உதவித்தொகையோடு கிடைத்தது. ஆனால் அது ஆயிரம் மைல் தள்ளி அயோவாவில் இருந்தது. அந்த வருடம்தான் ஓவியா பிறந்தாள். அதன் பிறகு விண்ணப்பப் படிவங்களை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்துக்குப் போய் இதழ்களைப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். எதற்குப் படிக்கிறாள் என்று சேனாபதி கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் ஜெராக்ஸ் தாளை அவன் முன்னால் வைத்தாள்.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. இது ஜாபா, கோர்ஸா?"

சேனாபதி ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பழைய புரோகிராம்களில் இருக்கிற தேதிகளை இரண்டாயிரமாவது வருடத்துக்காகத் திருத்திக்கொண்டிருந்தவன். நாள் முழுக்க இரண்டு இலக்க வருடங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்துபோய் வருவான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சேலரின்னு போட்டிருக்கான், அப்ப ஜாப். ஸ்டூடண்ட்டுன்னும் போட்டிருக்கான். ஜிஆர்இ எக்ஸாம் கேக்கல. டெட்லைன் இல்ல. ஃபீஸ் இல்ல. எனக்கென்னமோ ஃபிராடு மாதிரி தெரியுது செல்வி."

"யுனிவர்சிட்டி பேரு போட்டிருக்குதுங்களே?"

"சரி, அப்ளிகேஷன் ஃபார்ம் அனுப்பச் சொல்லி எழுதிப் பாரு. வந்தா பாத்துக்கலாம்."

அப்படியே எழுதினாள். ஐந்து வாரம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஜெர்மன் மொழியில் வழவழப்பான கையேடு. பிளஸ் டூ முடித்துவிட்டுச் சேருகிறவர்களுக்கானது என்று படங்களைப் பார்த்துத்தான் ஊகிக்க முடிந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு துண்டுத் தாள். பேராசிரியர் ஒருவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் முனைவர் பட்ட மாணவர்கள் பதிவு செய்துகொள்ள முடியும் என்று அதில் இருந்தது. அவள் விளம்பரத்தில் கண்ட பேராசிரியருக்கு எழுதினாள். அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டது, பதிவு பற்றிய விவரங்களுக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தை அணுகவும் என்று அவர் செயலாளர் பதில் போட்டார். அலுவலகத்தைக் கேட்டால் பேராசிரியர், பேராசிரியரைக் கேட்டால் அலுவலகம். இந்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

இந்தக் குழப்பத்தை அவள் முதலில் வெளி ஆளிடம் சொன்னது அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் இடத்தில். மேல்மாடியில் குடியிருந்த வரதராஜா அங்கிள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் இருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். மருந்துக் கம்பெனி ஒன்றில் மாத்திரைகளின் தரத்தைச் சோதிக்கிற வேலை. டிரையர் நிற்கும்வரை பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் அவருக்குச் சந்தோஷம்.

"சுவிஸோ?" என்றார் வரதராஜா. "என்ரை தங்கச்சி பத்மராணி பேர்ன்லை எல்லோ இருக்கிறா. எண்பத்தஞ்சிலை அகதியாப் போனவ. அங்கத்தைச் சட்டதிட்டம் எல்லாம் அவவுக்குத் தண்ணி பட்ட பாடு. நம்பர் தாறன், எடுத்துக் கதையும் பிள்ளை."

மறுநாளே அழைப்பு அட்டை வாங்கி, ஓவியா பள்ளியில் இருந்த நேரத்தில் போன் போட்டாள். பத்மராணி பேர்ன் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தார். அன்பாகத்தான் பேசினார். ஆனால் அவருடைய முதல் கேள்வியிலேயே செல்வி திகைத்துப் போனாள்.

"நீர் எந்த எழுத்திலை வாறீர் தங்கச்சி?"

"எழுத்துலயா ஆன்ட்டி?"

"ஓம். இஞ்சை இருக்கிறதுக்குத் தாற பெர்மிட்டுக்கு இங்கிலீஷ் எழுத்து இருக்கு. 'என்' எண்டால் அகதிக் கேஸ் முடியேல்லை. எஃப் எண்டால் தற்காலிகம். பி, சி எண்டால் பயமில்லை. எழுத்துத் தெரியாமல் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நான் படிக்க வர்றேங்க ஆன்ட்டி. சம்பளமும் குடுப்பாங்களாம்."

"படிக்க வாற ஆக்களுக்கு வேலை செய்ய விடமாட்டினம்" என்றார் பத்மராணி. "சம்பளம் எண்டால் அது வேலை. வேலை எண்டால் படிப்பு இல்லை. ஆரோ உம்மை ஏமாத்திப் பேய்க்காட்டுறாங்கள் போலை கிடக்கு." பிறகு இரக்கத்தோடு இன்னொன்றும் சொன்னார். "சின்னப் பிள்ளை இருக்கெண்டு சொன்னீர். இஞ்சை பள்ளிக்கூடப் பிள்ளையள் மத்தியானம் சாப்பிட வீட்டை வருங்கள், பிறகு திரும்பப் போகுங்கள். அந்த நேரம் வீட்டிலை ஆர் இருப்பினம்?"

காலை எட்டு மணிக்கு விட்டுவிட்டு மாலை ஆறு மணிக்குக் கூப்பிட்டுக்கொள்ளும் டேகேர்களையே பார்த்திருந்த செல்விக்கு, மத்தியானம் வீட்டுக்கு அனுப்பும் பள்ளிக்கூடம் என்பது துப்பாக்கி மைதானத்தைவிடப் பெரிய புதிராக இருந்தது. போனை வைத்தபோது, எடுத்தபோது இருந்ததைவிட ஒரு மடங்கு கூடுதலாகக் குழம்பியிருந்தாள்.

வேறொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். செல்வி விடாததற்குக் காரணம் துணிச்சல் இல்லை. அலமாரி மேல்தட்டில் போட்ட படிவங்களுக்கு ஒரு முடிவு இருந்தது: முடியாது என்ற முடிவு. சுவிஸில் யாரும் அடியோடு முடியாது என்று சொல்லவில்லை. எல்லாரும் வேறு வேறு எதையோ சொன்னார்கள். அதனால் அவள் விளம்பரங்களுக்குக் காத்திருப்பதை நிறுத்திவிட்டு, இதழ்களில் மண்ணில் கலந்த உலோகங்களைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்த சுவிஸ் பேராசிரியர்களின் பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எடுத்தெழுதி, ஒவ்வொருவருக்கும் நேரடியாகக் கடிதம் போட ஆரம்பித்தாள். சுருக்கமாக, அவர்கள் கட்டுரையில் தனக்கு எழுந்த ஒரு கேள்வியோடு. பத்தொன்பது கடிதங்கள். ஆறு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் பிரெஞ்சில் எழுதியிருந்தார். அதே நாட்டில் இன்னொரு மொழியா என்று நொந்துகொண்டு, அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தாள். கடைசியில் அது ஓய்வுபெற்றவர் ஒருவர் எழுதிய வாழ்த்துக் கடிதம்.

பதினாறாவது கடிதம், ஜூரிச்சிலேயே அதே ஈய மண்ணை ஆராயும் ஆந்த்ரேயா கவாதினி என்ற இன்னொரு பேராசிரியருக்குப் போனது. ஆந்த்ரேயா என்ற பெயரைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நிம்மதி. மதிப்புக்குரிய மேடம் என்று தொடங்கி, இவ்வளவு பெரிய ஆய்வகத்துக்கு ஒரு பெண் தலைமை வகிப்பதைப் பார்க்க, மூன்று வயதுக் குழந்தையின் தாயான தனக்கு நம்பிக்கை வருகிறது என்று ஒரு வரியும் சேர்த்தாள்.

மார்ச் மாதம் சேனாபதியின் மின்னஞ்சலுக்கு இரண்டு வரிப் பதில் வந்தது. வியாழக்கிழமை உங்கள் நேரம் காலை ஏழரைக்கு அழைக்கலாமா?

அன்றைக்கு ஓவியா மேஜையில் சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சேனாபதி ஏழு மணிக்கே கிளம்பிப் போயிருந்தான். சரியாக ஏழரைக்கு மணி அடித்தது. எடுத்தால், கரகரவென்று ஆண் குரல். செயலாளர் போலிருக்கிறது என்று நினைத்த செல்வி, பேராசிரியர் வரும்வரை காத்திருப்பதாக ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னாள்.

"நான்தான் பேராசிரியர்" என்றது குரல்.

"மன்னியுங்கள், நான் பேராசிரியர் ஆந்த்ரேயாவிடம் பேச வேண்டும்."

"நான்தான் ஆந்த்ரேயா. எங்கள் மலைக்குத் தெற்கே இத்தாலி மொழி பேசுவோம். அங்கே அது ஆண்பிள்ளைப் பெயர்."

செல்விக்குக் காது வரைக்கும் சூடேறியது. எழுதிய அந்த ஒரு வரி வார்த்தை வார்த்தையாக நினைவுக்கு வந்தது. "ஹூ இஸ் இட், அம்மா?" என்று ஓவியா கேட்டாள். மறுமுனையில் அவர் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் நேராக வேலைக்கு வந்துவிட்டார்.

"உங்கள் எம்.எஸ்சி. ஆய்வில் எது தப்பாகப் போனது?"

இதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. எது சரியாக வந்தது என்றுதான் கேட்பார்கள். தப்பைச் சொன்னால் இடம் போய்விடுமோ, சொல்லாவிட்டால் பொய்யாகிவிடுமோ என்று ஒரு கணம் தடுமாறினாள். பிறகு சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வயல்களில் ஒரு வயலின் அளவுகள் மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. ஆற்றுக்கு மிகப் பக்கத்தில் இருந்த வயல் அது. அங்கேதான் உப்பு மிகக் குறைவாக இருந்தது. அதை விட்டுவிட்டு எழுது என்று வழிகாட்டிய ஆசிரியர் சொன்னார். அவளும் விட்டுவிட்டு எழுதினாள்.

"ஏன் குறைவாக இருந்தது?"

"ஆய்வேடு கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அந்த வயல்காரர் ஆற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு, தூரத்திலிருந்து ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மூன்று வருடமாக அது மண்ணைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் நல்ல தண்ணீரால் மண் எவ்வளவு சீக்கிரம் தேறும் என்று எழுதியிருக்க வேண்டும். அந்த வயலைத் தூக்கிப் போட்டுவிட்டேன்."

"அந்த எண்கள் உங்களிடம் இருக்கின்றனவா?"

"நோட்டு இருக்கிறது."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, குழி தோண்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். நல்லது, எங்கள் நாட்டில் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு துப்பாக்கி மைதானம் இருக்கிறது, ஆண்பிள்ளைகள் எல்லாரும் ராணுவப் பயிற்சிக்காகச் சுட்டுப் பழக வேண்டும், நூறு வருடத்துத் தோட்டாக்களின் ஈயம் மண்ணுக்குள் கிடக்கிறது, நிறையத் தோண்ட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எடுத்துக்கொண்டாரா இல்லையா என்று அவர் சொல்லவே இல்லை. செல்வி ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றாள். அன்று ஓவியா பள்ளிக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனாள்.

மூன்று வாரம் கழித்து உறை வந்தது. அது ஏற்புக் கடிதம் போலத்தான் இருந்தது. ஆனால் பணியின் அளவு ஐம்பது சதவீதம் என்று போட்டிருந்தது.

பத்மராணியைக் கேட்டாள். "ஐம்பது வீதம் எண்டால் அரை நாள் வேலை. நான் எண்பது வீதம்" என்றார் அவர் உறுதியாக. வரதராஜாவைக் கேட்டாள். "பாதிச் சம்பளம் முதல், மிச்சம் பாஸானால் பிறகு தருவினமாக்கும்" என்றார் அவர், உறுதியில்லாமல். கடைசியில் பேராசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. சம்பளம் ஐம்பது சதவீதத்துக்கு. வேலை நூறு சதவீதத்துக்கு. மிச்ச ஐம்பதுதான் உங்கள் முனைவர் பட்டம்.

இதைப் படித்துவிட்டு சேனாபதி வாய்விட்டுச் சிரித்தான். "எங்க கம்பெனில இதுக்குப் பேரே வேறடி" என்றான். அவன் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆயிருந்தது. பிறகு கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தான். குடும்பத்தைக் கூட்டி வரலாம், ஆனால் கணவருக்கு வேலை செய்யும் அனுமதி தனியாகக் கேட்க வேண்டும், அது கிடைக்கும் என்று உறுதி சொல்ல இயலாது என்று அங்கே இருந்தது. அவன் சிரிப்பு நின்றது.

"செல்வி, நான் அங்க வந்து என்ன பண்றது?"

அவள் துணிக்கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"மொழி தெரியாது. வேலை செய்ய விடமாட்டான். காலைல நீ கிளம்பிப் போயிடுவ. நான் நாள் பூரா வீட்டுல உக்காந்துட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். செல்வி ஓவியாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கேலன் பால் இருந்தது.

அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் போவதா வேண்டாமா என்ற பேச்சு நேராக எழவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் தொழிலாளர் துறையில் இரண்டு வருடமாகக் காத்திருந்தது. நடுவில் அவள் நாட்டை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று சேனாபதி வக்கீலைக் கேட்டான். அவன் பெயரில் வந்த பிறகு அவளையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் எத்தனை வருடம் ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் வக்கீல். போகலாம் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று இருவருக்கும் புரியவில்லை. செல்வி தனக்குள் இன்னொரு கணக்கிலும் சிக்கியிருந்தாள். இத்தனை நாள் கிடைக்கவில்லை என்று வருந்தினாள். அது நிஜமான வருத்தம்தான். கிடைத்த பிறகு வருகிற இந்தப் பயம் மட்டும் எங்கிருந்து வந்தது? ஓவியாவை அப்பாவிடமிருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு போவதா? விட்டுவிட்டுப் போவதா? இந்த இரண்டையும் செய்யாமல் இருப்பதற்குப் பெயர் பொறுப்பா, சோம்பலா? ஒரு நாள் ஒப்புதல் கடிதம் எழுதினாள். மறுநாள் மறுப்புக் கடிதம் எழுதினாள். இரண்டையும் அனுப்பவில்லை.

பதில் சொல்லக் கடிதத்தில் கொடுத்திருந்த கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது சனிக்கிழமை காலையில் சேனாபதி தோசை வார்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினான்.

"டூ தவுசண்ட் வேலை முடியற வரைக்கும் என்னை விடமாட்டாங்க. அதுவரைக்கும் நான் இங்க இருக்கேன். ஓவியாவை நீ கூட்டிட்டுப் போ. சம்மர்ல வர்றேன், கிறிஸ்துமஸுக்கு வர்றேன். அப்புறம் என்னன்னு அப்ப பாக்கலாம்."

"அப்புறம் என்னன்னு தெரியாம எப்படிங்க போறது?"

"எனக்கும் தெரியல செல்வி. நீ இங்க வந்தப்ப மட்டும் தெரிஞ்சா வந்த?"

தோசை கருகியது. அவன் அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.

1998 ஆகஸ்ட் கடைசியில் நூவர்க் விமான நிலையத்திலிருந்து தாயும் மகளும் கிளம்பினார்கள். வழியனுப்ப வந்த வரதராஜா, தங்கச்சிக்கு என்று கொடுத்துவிட்ட பார்சலில் என்ன இருக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டார். சோதனைக்காரர் கேட்டபோது செல்வி விழித்தாள். பிரித்துப் பார்த்தால் நான்கு பாட்டில் வைட்டமின் மாத்திரையும் ஒரு பேஸ்பால் தொப்பியும். ஓவியா தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, "அப்பா, யூ ஆர் கமிங் டுமாரோ, ரைட்?" என்று கேட்டாள். சேனாபதி ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று செல்வியைப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை.

இரண்டாயிரமாவது வருடம் கம்ப்யூட்டர்களுக்கு எந்த இடைஞ்சலும் இல்லாமல் பிறந்தது. அந்த ஏப்ரலில் சேனாபதி இரண்டு பெட்டிகளோடு ஜூரிச்சுக்குப் போனான், மூன்று மாத விடுப்பில். விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை. கிரீன் கார்டு கோப்பு மூடப்பட்டதாக வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. அவனுக்கு வேலை அனுமதி கிடைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதுவரை மத்தியானம் பள்ளி வாசலில் அம்மாக்களுக்கு நடுவே அவன் ஒருவன்தான் ஆண்பிள்ளையாக நின்றான். அங்கே எல்லாரும் தன்னிடம் ஏதோ கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை என்று வரதராஜாவுக்குப் போன் பண்ணிச் சொன்னான். ஓவியாதான் அவனுக்கு மொழிபெயர்த்தாள், அதுவும் ஆங்கிலத்தில்.

செல்வி வாரத்துக்கு மூன்று நாள் ஏதாவதொரு கிராமத்துக் குழிக்குள் நின்றாள். 2001 கோடையில் ஒரு மைதானத்தில் ஈயம் அவள் எதிர்பார்த்த ஆழத்தில் இல்லாமல், அதற்கும் அரை மீட்டர் கீழே கிடந்தது. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை, கவாதினிக்கும் தெரியவில்லை. அவள் அந்த எண்களை விட்டுவிடாமல் பென்சிலால் நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த குழியைத் தோண்டத் தொடங்கினாள்.